சரியான விடை உள்ள கேள்வியும் இல்லாத கேள்வியும்

(வேலைவாய்ப்புத் தேர்வுகளுக்குப் படிக்கும் மாணவர்களும் பெற்றோரும் வந்திருந்த கூட்டத்தில் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



'சைக்கோமெட்ரிக் தேர்வுக்குத் தயாராவது எப்படி' என்று அழைப்பிதழில் போட்டிருக்கிறார்கள். அது ஏதோ ஒரே ஒரு தேர்வு என்று நினைத்துப் போட்டிருக்கிறார்கள். சிக்கல் அங்கேதான் தொடங்குகிறது. வேலைக்கு ஆள் எடுப்பவர்கள் இந்தப் பெயரில் இரண்டு வெவ்வேறு காரியங்களைச் செய்கிறார்கள். ஒன்று, உங்களால் என்ன முடியும் என்று அளப்பது. எண்களைக் கையாள்வது, வடிவங்களுக்குள் இருக்கும் ஒழுங்கைப் பிடிப்பது, சொன்னதைப் பிசகாமல் செய்வது, கவனம் சிதறாமல் இருப்பது. இங்கே ஒவ்வொரு கேள்விக்கும் சரியான விடை ஒன்று உண்டு. இன்னொன்று, நீங்கள் எப்படிப்பட்டவர் என்று கேட்பது. 'புது மனிதர்களிடம் எளிதில் பேசிவிடுவேன்', 'எடுத்த வேலையைப் பாதியில் விடமாட்டேன்' என்று வாக்கியங்கள் வரும். ஒத்துக்கொள்கிறேன், ஒத்துக்கொள்ளவில்லை என்று குறிக்க வேண்டும். இங்கே சரியான விடை என்று எதுவும் கிடையாது.

நம் பிள்ளைகள் என்ன செய்கிறார்கள்? முதல் வகையை, 'அது பிறவியிலேயே வரணும் சார், படிச்செல்லாம் வராது' என்று கைகழுவிவிடுகிறார்கள். இரண்டாம் வகைக்கு மாதிரி விடைகள் வாங்கி மனப்பாடம் செய்கிறார்கள். பயிற்சி பலன் தரும் இடத்தில் பயிற்சி கிடையாது. பலன் தராத இடத்தில் ராப்பகலாகப் பயிற்சி. இந்தத் தலைகீழை நிமிர்த்தத்தான் நான் வந்திருக்கிறேன்.

பொத்தாம்பொதுவாகப் பேசினால் கேட்கும்போது தலையாட்டிவிட்டு வாசல் தாண்டியதும் மறந்துவிடுவீர்கள். அதனால் ஒரே ஒரு தேர்வை எடுத்துப் பிரித்துக் காட்டுகிறேன். ரயில்வேயின் உதவி லோகோ பைலட் வேலை. ஐ.டி.ஐ.யும் டிப்ளமோவும் முடித்த பையன்கள், பெண்கள், இந்த அரங்கிலேயே பலர் அதற்கு விண்ணப்பித்திருப்பீர்கள். முதல் கட்டம் கணினித் தேர்வு, 60 நிமிடத்தில் 75 கேள்வி. இரண்டாம் கட்டமும் கணினித் தேர்வு, அதில் பகுதி ஏ, பகுதி பி என்று இரண்டு. இதுவரைக்கும் எல்லோருக்கும் தெரியும். கோச்சிங் சென்டர்களும் இதைத்தான் நடத்துகின்றன. இவற்றைத் தாண்டியவர்களுக்கு மூன்றாவதாக ஒன்று இருக்கிறது. சிபேட் என்று சொல்வீர்கள். கணினிவழித் திறனறி தேர்வு. இறுதித் தரவரிசையில் இரண்டாம் கட்டத்தின் பகுதி ஏ மதிப்பெண்ணுக்கு 70 சதவீதம், இந்தத் தேர்வுக்கு 30 சதவீதம்.

சிபேட்டில் ஐந்து சோதனைகள். நினைவாற்றல், கட்டளையைப் பின்பற்றுதல், ஆழத்தை உணர்தல், கவனக் குவிப்பு, கண்ணால் கண்டதை விரைந்து இனங்காணுதல். இவற்றை வடிவமைப்பது லக்னோவில் உள்ள ரயில்வே ஆராய்ச்சி அமைப்பான ஆர்.டி.எஸ்.ஓ.வின் உளத்தொழில்நுட்பப் பிரிவு. ஏன் இந்த ஐந்து என்று யோசித்துப் பாருங்கள். இரவு இரண்டு மணி, மழை, வளைவு, தூரத்தில் ஒரு சிக்னல். வண்டி ஓடிக்கொண்டிருக்கும்போது அதன் நிறத்தைக் கண்டு, உரக்கச் சொல்லி, பக்கத்தில் இருப்பவரோடு சரிபார்த்து, அடுத்த சிக்னலை எதிர்பார்க்க வேண்டும். ஆயிரம் பயணிகள் பின்னால் தூங்கிக்கொண்டிருப்பார்கள். அந்த இருக்கையில் உட்கார்பவர் முகலாயர் வரலாற்றில் எத்தனை மார்க் வாங்கினார் என்பது முக்கியமா, ஒரு மணி நேரம் கழித்தும் கண்ணும் கவனமும் சேர்ந்து வேலை செய்யுமா என்பது முக்கியமா? வேலைக்கும் தேர்வுக்கும் இவ்வளவு நேரான தொடர்பு உள்ள சோதனைகள் குறைவு. இந்தத் தேர்வின் மேல் எனக்கு மரியாதை உண்டு. ஒரு குறையும் உண்டு, பிறகு சொல்கிறேன்.

இதில் தேர்ச்சிக்கான விதியைக் கவனியுங்கள். ஐந்து சோதனைகளில் ஒவ்வொன்றிலும் குறைந்தது 42 டி-ஸ்கோர் எடுக்க வேண்டும். எந்தப் பிரிவினருக்கும் இதில் தளர்வு இல்லை. கூட்டிப் பார்த்துச் சராசரி எடுப்பதும் இல்லை. நான்கில் வானத்தைத் தொட்டுவிட்டு ஐந்தாவதில் 41 எடுத்தால் வெளியே.

டி-ஸ்கோர் என்பது நூற்றுக்கு வாங்கும் மார்க் போன்றதல்ல. பொதுவான டி-ஸ்கோர் கணக்கில் கூட்டத்தின் சராசரி 50 என்று வைக்கப்படும், பரவல் அளவு 10. அதாவது 42 என்பது சராசரிக்கும் சற்றுக் கீழே. சாதாரணமாகப் பரவிய ஒரு கூட்டத்தில் ஐந்தில் நான்கு பேர் அதற்கு மேலே இருப்பார்கள். 'அடடா, சுலபம்தானே' என்று தோன்றும். இப்போது கணக்கைத் தொடருங்கள். ஐந்து சோதனைகளும் ஒன்றோடொன்று தொடர்பே இல்லாதவை என்று ஒரு பேச்சுக்கு வைத்துக்கொண்டால், ஐந்தையும் தாண்டுபவர்கள் மூன்றில் ஒரு பங்குக்கும் குறைவு. உண்மையில் இத்திறன்களுக்குள் தொடர்பு உண்டு, ஆகையால் இதைவிடக் கூடுதலானவர்கள் தாண்டுவார்கள். ஆனாலும் இந்தத் தேர்வு ஆளை வடிகட்டும் விதம் புரிகிறதல்லவா? உங்கள் பலம் இங்கே உங்களைக் காப்பாற்றாது. பலவீனமான ஒன்றுதான் தீர்மானிக்கும்.

அதனால் தயாரிப்பும் அப்படித்தான் இருக்க வேண்டும். ஐந்தையும் ஒருமுறை நேரம் வைத்துச் செய்து பாருங்கள். எது மிகக் குறைவாக வருகிறதோ அதற்குப் பாதி நேரம் கொடுங்கள். பெரும்பாலானவர்கள் தமக்குப் பிடித்ததையே திரும்பத் திரும்பச் செய்துகொண்டிருப்பார்கள். ஆழத்தை உணரும் சோதனையில் வரும், செங்கற்களை அடுக்கிய படத்தில் இந்தக் கல்லை எத்தனை கற்கள் தொடுகின்றன என்று எண்ணுவது சிலருக்கு விளையாட்டு, சிலருக்குத் தலைசுற்றல். தலைசுற்றுகிறவர் தீப்பெட்டிகளையோ பகடைகளையோ மேசையில் அடுக்கி வைத்து, கையால் தொட்டு எண்ணிப் பழகலாம். ஒரு வாரத்தில் படத்தில் மறைந்திருக்கும் கற்கள் கண்ணுக்குத் தெரிய ஆரம்பித்துவிடும். இந்தத் தேர்வில் தவறான விடைக்கு மார்க் குறைப்பு கிடையாது என்பதையும் மறக்காதீர்கள். தயங்கி நிற்பது இங்கே வீண்.

மாதிரிக் கேள்விகளுக்குக் காசு கொடுக்க வேண்டியதும் இல்லை. கேள்விகளின் அமைப்பைத் தெரிந்துகொள்ள ஆர்.டி.எஸ்.ஓ. இணையதளத்தின் உளத்தொழில்நுட்பப் பிரிவுக்குப் போய்ப் பாருங்கள் என்று தேர்வு அறிவிக்கையே சொல்கிறது. அறிவிக்கையை யார் முழுதாகப் படிக்கிறார்கள்? காலியிட எண்ணிக்கையைப் பார்ப்போம், கடைசித் தேதியைப் பார்ப்போம், மூடிவிடுவோம். அதே அறிவிக்கையில்தான், கண் பார்வைச் சான்றிதழை உரிய படிவத்தில் அசலாகக் கொண்டுவராவிட்டால் இந்தத் தேர்வுக்கு அனுமதி இல்லை என்றும் இருக்கிறது. இரண்டு கட்டங்களை வென்றுவிட்டு ஒரு தாளுக்காக வாசலிலிருந்து திரும்புவதைவிடக் கொடுமை வேறென்ன?

சரி, பயிற்சியால் எவ்வளவு கூடும்? கோச்சிங் சென்டர் விளம்பரத்தை நம்பினால் எவ்வளவு வேண்டுமானாலும் கூடும். ஆய்வுகள் அடக்கமாகப் பேசுகின்றன. 2007-இல் ஹாஸ்னெக்ட்டும் உடன் ஆய்வாளர்களும், அறிவுத்திறன் தேர்வை மீண்டும் எழுதுபவர்களுக்கு என்ன ஆகிறது என்று 50 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தார்கள். கிடைத்த உயர்வு ஏறக்குறைய பரவல் அளவில் கால் பங்கு. அதே வினாத்தாள் திரும்ப வந்தாலோ, இடையில் பயிற்சி கொடுத்தாலோ இன்னும் சற்றுக் கூடுதல். டி-ஸ்கோர் மொழியில் சொன்னால் அந்தக் கால் பங்கு இரண்டரைப் புள்ளி. இது சின்ன எண்ணாகத் தெரியலாம். ஆனால் 40-இல் நிற்பவரை 42-க்கு மேலே தூக்கிவிட அது போதும். 30-இல் நிற்பவரைத் தூக்காது. கோட்டுக்குப் பக்கத்தில் இருப்பவருக்குத்தான் பயிற்சி உயிர் காக்கும் மருந்து. நம்மில் பலர் கோட்டுக்குப் பக்கத்தில்தான் இருக்கிறோம்.

அந்த உயர்வு எங்கிருந்து வருகிறது? மூளை திடீரென்று கூர்மையாகிவிடுவதால் பெரும்பாலும் இல்லை. கேள்வி என்ன கேட்கிறது என்று புரிந்துகொள்ளச் செலவாகும் முதல் சில நிமிடங்கள் மிச்சமாகின்றன. பதற்றம் குறைகிறது. எதை விட்டுவிட்டு மேலே போவது என்று தெரிகிறது. ஆகவே கடிகாரத்தை வைத்துக்கொண்டு செய்வது மட்டும்தான் பயிற்சி. சாய்ந்து உட்கார்ந்து, டீ குடித்துக்கொண்டு, விடையைப் பார்த்துத் தலையாட்டுவது வாசிப்பு. நிறுவனங்கள் கல்லூரிக்கே வந்து நடத்தும் கேம்பஸ் தேர்வுகளில் கணினித் திரையில்தான் எழுதப்போகிறீர்கள் என்றால் திரையிலேயே பழகுங்கள். செல்பேசியில் மட்டும் பழகிய பிள்ளை மவுஸைப் பிடித்ததும் தடுமாறுவதை நானே பார்த்திருக்கிறேன்.

இங்கே தமிழ் வழியில் படித்த பிள்ளைகளுக்குத் தனியாக ஒன்று சொல்ல வேண்டும். அதற்குக் கொஞ்சம் பழைய கதை தேவை.

1917-இல் முதல் உலகப் போரில் இறங்கிய அமெரிக்கா, படையில் சேர்ந்தவர்களைத் தரம் பிரிக்க உளவியலாளர்களைக் கூப்பிட்டது. ராபர்ட் யெர்க்ஸ் என்பவர் தலைமையில் இரண்டு தேர்வுகள் உருவாயின. ஆங்கிலம் படிக்கத் தெரிந்தவர்களுக்கு ஆர்மி ஆல்ஃபா, தெரியாதவர்களுக்குப் படங்களால் ஆன ஆர்மி பீட்டா. ஏறக்குறைய 17 லட்சம் பேர் எழுதினார்கள். கூட்டமாக உட்காரவைத்து, நேரம் வைத்து, கட்டங்களில் குறிக்கச் சொல்லும் இன்றைய வேலைத் தேர்வு முறை பரவியதே அதற்குப் பிறகுதான். பீட்டாவில் ஒரு பகுதி, படத்தில் என்ன குறைகிறது என்று கண்டுபிடித்து வரைவது. ஒரு படம் வலை இல்லாத டென்னிஸ் மைதானம். இன்னொன்று குழல் இல்லாத கிராமபோன். தெற்கு இத்தாலியிலோ போலந்திலோ வயலில் வேலை செய்துவிட்டுக் கப்பலேறி வந்தவன் டென்னிஸ் மைதானத்தைக் கண்டானா? அவன் மதிப்பெண் குறைந்தது. அறிவு குறைவு என்று எழுதிக்கொண்டார்கள். அந்தப் புள்ளிவிவரங்களை வைத்துத் தெற்கு, கிழக்கு ஐரோப்பியர்கள் மட்டம் என்று புத்தகமே எழுதினார்கள்.

நூறு வருஷம் ஆகிவிட்டது. ஆனால் நம் ஊரில் நடக்கும் கேம்பஸ் தேர்வில், தருக்கக் கேள்வி என்ற பெயரில் எட்டு வரி ஆங்கிலப் பத்தி ஒன்று வருகிறது. ஆறு பேர் வட்ட மேசையைச் சுற்றி உட்கார்ந்திருக்கிறார்கள், யாருக்கு இடப்பக்கம் யார் என்று. இதையே தமிழில் சொன்னால் ஒரு நிமிடத்தில் போட்டுவிடும் பெண், ஆங்கிலத்தில் படித்து முடிக்கவே ஒரு நிமிடம் எடுத்துக்கொள்கிறாள். அளக்கப்பட்டது அவளுடைய தருக்கமா, அவளுடைய ஆங்கில வாசிப்பு வேகமா? பெரும் பங்கு இரண்டாவதுதான். நியாயமா என்றால் நியாயமில்லை. ஆனால் இதில் ஒரு நல்ல செய்தி ஒளிந்திருக்கிறது. தருக்கத்தை உயர்த்துவது கடினம். வாசிப்பு வேகத்தை உயர்த்துவது கடினமில்லை. தினமும் அரை மணி நேரம் ஆங்கிலப் பத்திரிகைக் கட்டுரையை நேரம் வைத்து, உதடு அசைக்காமல், அகராதியைத் தொடாமல் படியுங்கள். முடித்த பிறகு சாரத்தைத் தமிழிலேயே சொல்லிப் பாருங்கள். ஆப்டிடியூட் புத்தகத்தின் நானூறு பக்கம் செய்யாததை இது செய்யும். இதை யாரும் கட்டணம் வாங்கிச் சொல்லித் தருவதில்லை, ஏனென்றால் சொல்லித் தர இதில் ஒன்றும் இல்லை.

இரண்டாவது வகைக்கு வருகிறேன். சரியான விடை இல்லாத கேள்விகள்.

இதுவும் அந்த முதல் உலகப் போரில் பிறந்ததுதான். குண்டுச் சத்தத்தில் மனம் குலைந்துபோகக்கூடிய சிப்பாய்களை முன்கூட்டியே கண்டுபிடிக்க ராபர்ட் உட்வொர்த் ஆம், இல்லை என்று பதில் சொல்லும் நூற்றுச் சொச்சம் கேள்விகளைத் தயாரித்தார். பயன்பாட்டுக்கு வருமுன் போர் முடிந்துவிட்டது. கேள்வித்தாள் மட்டும் பிழைத்துக்கொண்டது. பிறகு 1936-இல் ஆல்போர்ட்டும் ஆட்பெர்ட்டும் ஆங்கில அகராதியைப் புரட்டி மனிதக் குணத்தைச் சொல்லும் சொற்களை எண்ணினார்கள், 18,000-ஐ நெருங்கியது. அதைச் சலித்துச் சலித்துப் பின்னால் வந்தவர்கள் ஐந்து கூறுகளில் நிறுத்தினார்கள். புதுமையை ஏற்கும் மனம், பொறுப்புணர்வு, கலகலப்பு, இணக்கம், மனக்கொந்தளிப்பு. கேம்பஸில் நீங்கள் எழுதும் குணநலக் கேள்வித்தாள்களில் பல இந்த ஐந்தின் மேல்தான் நிற்கின்றன.

வாக்கியங்கள் நூறு வரும், இருநூறும் வரும். இவற்றுக்கு 'சக்சஸ் விடைகள்' விற்கிறார்கள். எல்லாவற்றிலும் 'முழுமையாக ஒத்துக்கொள்கிறேன்' போடு, கோபம் வருமா என்றால் வராது போடு, தலைமை தாங்குவாயா என்றால் தாங்குவேன் போடு. இதை வாங்கிப் படித்தவர் சந்திக்கப்போகும் பொறிகள் சில உண்டு.

ஒரு பொறி, யாராலும் உண்மையாக ஆம் போட முடியாத வாக்கியம். 'நான் வாழ்க்கையில் ஒருமுறைகூடப் பொய் சொன்னதில்லை.' 'எனக்கு யார் மேலும் எரிச்சல் வந்ததே இல்லை.' மகாத்மாவே தன் வரலாற்றில் தன் தவறுகளைப் பக்கம் பக்கமாக எழுதி வைத்திருக்கிறார். நீங்கள் ஆம் என்று குறித்தால் என்ன நினைப்பார்கள்? இப்படிப்பட்ட வாக்கியங்களில் ஆம் கூடிக்கொண்டே போனால், இவர் தன்னை அழகுபடுத்திக் காட்டுகிறார் என்று கணினி குறித்துக்கொள்ளும். மற்றப் பதில்களின் மேலும் சந்தேகம் விழும்.

அடுத்தது, ஒரே விஷயத்தை வேறு சொற்களில் திரும்பக் கேட்பது. 12-ஆவது வாக்கியம் 'நேரத்துக்கு முன்பே முடித்துவிடுவேன்' என்றால், 87-ஆவது 'கடைசி நேரத்தில்தான் எனக்கு வேலை ஓடும்' என்று வரும். மனப்பாடம் செய்தவர் இரண்டுக்கும் ஆம் போட்டுவிடுவார், ஏனென்றால் இரண்டும் கேட்க நன்றாக இருக்கின்றன.

கடினமானது இன்னொன்று. நான்கு வாக்கியங்களைக் கொடுத்து, உங்களுக்கு மிகவும் பொருந்துவது ஒன்று, கொஞ்சமும் பொருந்தாதது ஒன்று என்று தேர்ந்தெடுக்கச் சொல்வார்கள். நான்குமே நல்ல குணங்களாக இருக்கும். பிரிட்டனில் 1977-இல் சேவிலும் ஹோல்ட்ஸ்வொர்த்தும் தொடங்கிய எஸ்.எச்.எல். நிறுவனத்தின் கேள்வித்தாள்களால் இந்த முறை உலகம் முழுக்கப் பரவியது. இங்கே எது 'நல்ல' விடை? நான்கும் நல்லவை. ஒன்றை உயர்த்தினால் இன்னொன்றை நீங்களே இறக்க வேண்டும். விற்பனை வேலைக்கு எது வேண்டும், கணக்குத் தணிக்கைக்கு எது வேண்டும் என்று தேர்வு வைப்பவருக்குத் தெரியும், உங்களுக்குத் தெரியாது. ஊகித்து ஆடும் சூதாட்டத்தில் ஆட்டத்தை நடத்துபவன்தான் ஜெயிப்பான்.

அப்படியானால் தயாரிப்பே வேண்டாமா? வேண்டும், வேறு மாதிரி. கேள்விகளுக்குப் பதில் சொல்லும்போது 'வீட்டில் நான்' என்று நினைக்காமல் 'வேலை செய்யும் இடத்தில் நான்' என்று நினைத்துச் சொல்லுங்கள். வீட்டில் அண்ணனோடு சண்டை போடுபவர் பிராக்டிகல் வகுப்பில் பொறுமைசாலியாக இருப்பார். கேட்கப்படுவது இரண்டாமவரைப் பற்றி. வேலையே பார்த்திராதவர் என்றால் புராஜெக்ட், என்.எஸ்.எஸ். முகாம், அப்பாவின் கடையில் விடுமுறைக்கு நின்றது, இவற்றை முதல்நாள் ஒரு தாளில் எழுதிப் பாருங்கள். எங்கே முந்திக்கொண்டு நின்றீர்கள், எங்கே நழுவினீர்கள் என்று தெரிந்துவிடும். அந்தத் தாள் நேர்முகத் தேர்வுக்கும் உதவும். பிறகு, எல்லாவற்றிலும் நடுக்கட்டத்தைக் குறித்துத் தப்பிக்கப் பார்க்காதீர்கள். அது உங்களைப் பற்றி ஒன்றுமே சொல்லாது, ஒன்றும் சொல்லாத ஆளை யார் எடுப்பார்கள்? ஒரு வாக்கியத்துக்குச் சில நொடிகள் போதும். புரியாத ஆங்கிலச் சொல் வந்தால் கேளுங்கள். கேட்பதற்கு வெட்கப்பட்டுத் தலைகீழாகக் குறித்தவர்கள் உண்டு.

ராணுவ அதிகாரி வேலைக்கு எஸ்.எஸ்.பி. என்ற தேர்வு வாரியத்துக்குப் போகிறவர்களும் இங்கே இருக்கிறீர்கள் என்று தெரியும். கோயம்புத்தூரிலேயே கடற்படையின் தேர்வு வாரியம் இருக்கிறது. அங்கே நடக்கும் ஐந்து நாள் தேர்வில் உளவியல் பகுதி தனி ரகம். படத்தை 30 விநாடி காட்டுவார்கள், நான்கு நிமிடத்தில் கதை எழுத வேண்டும். இப்படிப் பன்னிரண்டு, கடைசியது வெற்றுத் தாள். பிறகு 60 சொற்கள், சொல்லுக்கு 15 விநாடி, மனதில் தோன்றும் வாக்கியத்தை எழுத வேண்டும். பிறகு 60 சூழ்நிலைகள், அரை மணி நேரம். இதற்கும் கதைகளை விற்கிறார்கள். எந்தப் படம் வந்தாலும் கதாநாயகன் ஊரைக் கூட்டிக் குளம் வெட்டுவான், கடைசியில் கலெக்டர் பரிசு கொடுப்பார். மதிப்பிடும் உளவியலாளர் அந்தக் குளத்தை எத்தனை முறை பார்த்திருப்பார்! அவர் தனியாகவும் இல்லை. நேர்காணல் செய்யும் அதிகாரி, மைதானத்தில் குழுச் சோதனை நடத்தும் அதிகாரி என்று மூன்று பேர் தனித்தனியே உங்களைப் பார்த்துவிட்டுக் கடைசியில் ஒப்பிடுகிறார்கள். கதையில் ஊரைக் கூட்டியவர் மைதானத்தில் பக்கத்தில் நிற்பவருக்குக் கைகொடுக்கவில்லை என்றால் வெட்டவெளிச்சமாகிவிடும். இங்கே பழகக்கூடியது வேகம் மட்டும்தான். நான்கு நிமிடத்தில் ஒரு கதையை ஆங்கிலத்தில் முடிக்கும் கை வேகம். அதைப் பழகுங்கள், கதையை வாங்காதீர்கள்.

விளையாட்டு வடிவத் தேர்வுகளும் வந்துவிட்டன. பலூனை ஊதினால் காசு, வெடித்தால் எல்லாம் போச்சு என்ற மாதிரி. துணிந்து இறங்குவீர்களா, பார்த்துச் செய்வீர்களா என்று அளக்கிறார்கள். இதற்குப் பழக முயல்வது வீண்வேலை என்பது என் கருத்து. நன்றாகத் தூங்கிவிட்டு, இணைய இணைப்பு ஒழுங்காக உள்ள இடத்தில் உட்காருங்கள், போதும்.

இதுவரை தேர்வு வைப்பவர்கள் பக்கம் நின்று பேசிவிட்டேன். உங்கள் பக்கம் நின்றும் கொஞ்சம் பேசுகிறேன், ஏனென்றால் இந்தத் தேர்வில் தோற்றுவிட்டு 'நான் எதற்கும் லாயக்கில்லை' என்று வீட்டில் சுருண்டு படுக்கும் பிள்ளைகளை எனக்குத் தெரியும்.

அமெரிக்காவில் கனெக்டிகட் மாநிலத்தில் நியூ லண்டன் என்றொரு ஊர். ராபர்ட் ஜோர்டன் என்பவர் 1996-இல் அங்கே போலீஸ் வேலைக்கு வொண்டர்லிக் தேர்வு எழுதினார். 12 நிமிடத்தில் 50 கேள்வி. அவர் வாங்கியது 33. வேலை கிடைக்கவில்லை. காரணம், மதிப்பெண் அதிகம்! 20 முதல் 27 வரை வாங்கியவர்களைத்தான் நேர்முகத்துக்குக் கூப்பிட்டார்கள். அதற்கு மேலே உள்ள புத்திசாலிக்கு ரோந்து அலுத்துவிடும், விட்டுவிட்டுப் போய்விடுவார் என்று கணக்கு. அவர் வழக்குப் போட்டார், 2000-இல் மேல்முறையீட்டிலும் தோற்றார். ஒரே மதிப்பெண் ஓரிடத்தில் மாலை, இன்னோரிடத்தில் கதவடைப்பு. தேர்வு உங்களை அளந்ததாக நினைக்கிறீர்கள். பாதி நேரம் அந்த முதலாளியின் விருப்பத்தைத்தான் அளக்கிறது.

அளவுகோல்களின் தரமும் ஒரே மாதிரி இல்லை. தாயும் மகளுமான கேத்தரின் பிரிக்ஸ், இசபெல் மையர்ஸ் உருவாக்கிய, ஆட்களைப் பதினாறு வகையாகப் பிரிக்கும் எம்.பி.டி.ஐ. கேள்வித்தாளைக் கேள்விப்பட்டிருப்பீர்கள். வேலைக்கு ஆள் எடுக்க இதைப் பயன்படுத்தாதீர்கள் என்று அதை வெளியிடும் நிறுவனமே சொல்கிறது. நல்ல தரமான அறிவுத்திறன் தேர்வுகளைப் பற்றியும் மதிப்பீடு இறங்கியிருக்கிறது. பின்னால் வேலையில் எப்படி இருப்பார் என்பதோடு அவற்றுக்குள்ள ஒட்டுறவு 0.51 என்று 1998-இல் ஷ்மிட்டும் ஹண்டரும் சொன்னார்கள். 2022-இல் சேக்கெட்டும் குழுவினரும் மறுபடி கணக்குப் போட்டு 0.31-க்கு இறக்கினார்கள். அதாவது ஊழியர்களுக்குள் காணும் வேறுபாட்டில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கைத்தான் இந்தத் தேர்வு விளக்குகிறது. எல்லோரிடமும் ஒரே கேள்விகளை ஒரே முறையில் கேட்டு மதிப்பிடும் ஒழுங்கான நேர்முகத் தேர்வு அதைவிட மேல் என்று அதே ஆய்வு காட்டியது. பத்தில் ஒரு பங்கு என்பது ஒன்றுமில்லாததல்ல. ஆயிரம் பேரைச் சலிக்க வேண்டிய நிறுவனத்துக்கு அது லாபம். ஆனால் ஒரு மனிதர் தன்னைப் பற்றித் தீர்ப்பு எழுதிக்கொள்ள அது போதாது.

கேட்கக்கூடாததைக் கேட்கும் தேர்வுகளும் உண்டு. கலிபோர்னியாவில் டார்கெட் கடைகளின் காவலர் வேலைக்கு 704 கேள்விகள் கொண்ட ஒரு தேர்வு வைத்தார்கள். மத நம்பிக்கை, பாலுறவு பற்றியெல்லாம் அதில் இருந்தது. விண்ணப்பித்தவர் வழக்குப் போட, மேல்முறையீட்டு நீதிமன்றம் 1991-இல் அவர் பக்கம் நின்றது. பின்னர் வழக்கு சமரசத்தில் முடிந்தது. அதற்கும் முன்பு, 1971-இல், டியூக் பவர் மின் நிறுவனத்துக்கு எதிராகக் கறுப்பினத் தொழிலாளர்கள் கொண்டுவந்த கிரிக்ஸ் வழக்கில், வேலைக்குத் தொடர்பில்லாத தேர்வால் ஒரு சமூகத்தையே வெளியே நிறுத்தக்கூடாது என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் ஒருமனதாகச் சொன்னது. இந்தக் கேள்வியை நாமும் கேட்கப் பழக வேண்டும்: இந்தச் சோதனைக்கும் இந்த வேலைக்கும் என்ன தொடர்பு?

லோகோ பைலட் தேர்வில் எனக்கு உள்ள குறை என்று முன்னே சொன்னேனே, அது இங்கேதான் வருகிறது. முதல் இரண்டு கட்டங்களைத் தமிழில் எழுதலாம். சிபேட்டில் மட்டும் கேள்விகள் ஆங்கிலத்திலும் இந்தியிலும்தான் என்று அறிவிக்கை சொல்கிறது. நினைவாற்றலையும் கவனத்தையும் ஆழ உணர்வையும் அளக்கும் சோதனையில் மொழி குறுக்கே நிற்கவே கூடாது. கட்டளையைப் பின்பற்றும் சோதனையில் அது நேராகவே குறுக்கே நிற்கிறது. தன் தாய்மொழியில் கட்டளையைப் படிப்பவருக்கும், இரண்டாம் மொழியில் படிப்பவருக்கும் ஒரே 42 என்பது ஒரே கோடு ஆகாது. யெர்க்ஸின் டென்னிஸ் வலையை நாம் லக்னோவில் மறுபடி கட்டியிருக்கிறோம்.

ஆகவே இங்கே வந்திருக்கும் தொழிற்சங்கத் தோழர்களுக்கும் மக்கள் பிரதிநிதிகளோடு பழக்கம் உள்ளவர்களுக்கும் என் வேண்டுகோள்: இந்தத் தேர்வின் குறிப்புகளும் கேள்விகளும் முதலிரு கட்டங்களைப் போலத் தமிழ் உள்ளிட்ட எல்லா மொழிகளிலும் வர வேண்டும் என்று எழுதுங்கள், நாடாளுமன்றத்தில் கேட்கச் சொல்லுங்கள். கல்லூரி வேலைவாய்ப்பு அலுவலர்களே, நிறுவனங்கள் நடத்தும் தேர்வில் எந்தப் பகுதியில் பிள்ளைக்கு மதிப்பெண் குறைந்தது என்ற விவரத்தையாவது கேட்டு வாங்கிக் கொடுங்கள். 'செலக்ட் ஆகவில்லை' என்ற ஒற்றை வரியோடு அனுப்பாதீர்கள். தேர்வு எழுதப்போகும் தம்பி தங்கைகளே, அறிவிக்கையை இன்று இரவே முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை படியுங்கள்.